மாமா திரும்பி வராத நாட்கள்

எங்கள் வீட்டில் ஒரு வாரம் முழுக்க, மாமா ஊர் திரும்பக் கூடாது என்று ஜெபம் நடந்தது. மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றி, முட்டி போட்டு அந்த ஜெபத்தை நடத்தியது மாமாவின் கூடப்பிறந்த அக்காவான என் அம்மா. வெளியாட்கள் கேட்டால் ஏதோ சொத்துத் தகராறு என்று நினைத்திருப்பார்கள். ஆனால் மாமாவின் மேல் அம்மா உயிரையே வைத்திருந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெற்றவர்கள் சீக்கிரமே போய்விட்டதால், கல்யாணமாகி வரும்போது சீர்வரிசையோடு சீர்வரிசையாகத் தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தவர் அவர். என்னைவிட மாமாவுக்குத்தான் முதலில் சோறு போட்டு வளர்த்தார்.

அப்போது எனக்குப் பத்து வயது. தொண்ணூறுகளின் கடைசி. நெய்வேலி நகரியத்தில், ஒரு வேப்பமரமும் இரண்டு அறைகளும் உள்ள குவார்ட்டர்ஸில் நாங்கள் நாலு பேர் இருந்தோம். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை பார்த்தார். ஒரு வாரம் காலை ஷிஃப்ட், ஒரு வாரம் மதியம், ஒரு வாரம் இரவு. அவர் தூங்கும் நேரத்தில் நாங்கள் பேசக் கூடாது, அவர் விழித்திருக்கும் நேரத்தில் நாங்கள் தூங்க முடியாது. இதனால் எங்கள் வீட்டில் யாருமே முழுத் தூக்கம் தூங்கியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இப்போது நினைத்தாலும் கொட்டாவிதான் வருகிறது.

ராணுவத்தில் அதிகாரியாக இருப்பவருக்கு ஷிஃப்ட் கிடையாது என்று அப்பா யாரிடமோ கேள்விப்பட்டிருந்தார். அது எவ்வளவு தூரம் உண்மை என்று அவர் விசாரிக்கவில்லை. வீட்டில் ஒருவராவது ஷிஃப்ட் இல்லாத மனுஷனாக வாழ வேண்டும் என்பது அவர் ஆசை. அந்த ஆசையை முதலில் மாமாவின் மேல் இறக்கி வைத்தார். பிறகு அது போதாதென்று என் மேலும்.

ராணுவ அதிகாரி ஆவதற்கு மூன்று வாசல்கள் உண்டு என்று மாமா எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். முதல் வாசல் பத்து வயதில். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே தேர்வு எழுதி, ஆறாம் வகுப்பில் சைனிக் பள்ளி விடுதியில் சேர்ந்துவிட வேண்டும். சீருடை, அணிவகுப்பு, குதிரை எல்லாம் அங்கே உண்டு. இரண்டாவது வாசல் பிளஸ் டூ முடிக்கும்போது. அதற்குப் பெரிய தேர்வு, அதில் ஜெயித்தால் பூனா பக்கத்தில் அகாடமி. மூன்றாவது வாசல் டிகிரி முடித்த பிறகு. பெரியவர்களுக்கான இரண்டு வாசலிலும் எழுத்துத் தேர்வு முடிந்ததும் ஒரே இடத்தில் போய் நிற்க வேண்டும். தேர்வு வாரியம் என்று ஒன்று, பெங்களூரில். அங்கே ஐந்து நாள் தங்க வைத்து ஆளை நோண்டி எடுப்பார்கள்.

முதல் வாசல் இருப்பதே மாமாவுக்குப் பத்து வயதில் யாரும் சொல்லவில்லை. இரண்டாவது வாசலில் ஒரு முறை பெங்களூர் வரை போய்த் திரும்பினார். மூன்றாவது வாசலிலும் ஒரு முறை போய்த் திரும்பினார். இப்போது மூன்றாவது வாசலில் இன்னொரு முறை கூப்பிட்டிருந்தார்கள். இதற்குப் பிறகு வயது தாண்டிவிடும். அந்தக் கார்த்திகை மழையில் எங்கள் குவார்ட்டர்ஸில் ஒருவர் கடைசி வாசலிலும் ஒருவன் முதல் வாசலிலும் நின்றுகொண்டிருந்தோம். இரண்டு பேருக்கும் ஒரே பாயில் ஒரே பாடம்.

விடியற்காலையில் மாமா என்னை எழுப்பி பிளாக்கைச் சுற்றி ஓட வைப்பார். அப்புறம் கணக்கு. அப்புறம் நாடுகளும் தலைநகரங்களும். சாயங்காலம் படம் பார்த்துக் கதை சொல்ல வேண்டும். பெங்களூரில் அப்படி ஒரு பரீட்சை உண்டாம். மங்கலான ஒரு படத்தைக் காட்டி மறைத்துவிடுவார்கள், நாம் கதை எழுத வேண்டும். என் வயதுக்கு அது தேவையே இல்லை. ஆனால் மாமாவுக்குப் பழக ஓர் ஆள் வேண்டியிருந்தது. பழைய வாரப் பத்திரிகைப் படத்தின் மேல் எண்ணெய் தடவிய காகிதத்தை வைத்து என்னிடம் நீட்டுவார். ஒருமுறை அதில் ஓர் ஆள் கட்டிலில் படுத்திருந்தார். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குகிறார், சத்தம் போடக் கூடாது என்று நான் கதை சொன்னேன்.

“படத்துல இருக்கிற ஆளு தூங்கக் கூடாதுடா. எழுந்து நாலு பேருக்கு நல்லது செய்யணும். கிணறு வெட்டணும், இல்ல வெள்ளத்துல யாரையாவது காப்பாத்தணும்” என்றார் மாமா.

“அவருக்குத் தூக்கம் வருதே மாமா.”

“வந்தாலும் எழுந்துக்கணும். அதான் ஆபீஸர்.”

எனக்கு அந்த நிமிஷமே அதிகாரி ஆகும் ஆசை பாதி போய்விட்டது. ஆனால் அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை.

கிளம்புவதற்கு முந்தைய நாள் மாமா பெங்களூர் நடைமுறையை எங்களுக்கு விளக்கினார். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான் என்றாலும், இந்தமுறை ஒன்று புதிதாக வந்திருந்தது. முன்பெல்லாம் போனவர்கள் எல்லோரும் ஐந்து நாளும் இருப்பார்கள். இப்போது முதல் நாளே ஒரு வடிகட்டல். அதில் நிற்காதவர்களை அன்று மத்தியானமே மூட்டையோடு அனுப்பிவிடுவார்கள். நின்றவர்கள் ஐந்தாம் நாள் வரை இருப்பார்கள். ஐந்தாம் நாள் பெயர் வாசிப்பார்கள். பெயர் வராதவர்களை பஸ் ஏற்றி விடுவார்கள். பெயர் வந்தவர்கள் மட்டும் மருத்துவப் பரிசோதனைக்காக இன்னும் சில நாள் அங்கேயே தங்குவார்கள்.

அப்பா இதை ஷிஃப்ட் கணக்கில் புரிந்துகொண்டார். “அப்போ மறுநாளே வந்தா, வாசல்லயே தள்ளிட்டாங்கன்னு அர்த்தம். ஆறாம் நாள் வந்தா, கடைசி வரைக்கும் போயிட்டு வந்துருக்கன்னு அர்த்தம். அதுக்கு மேல வரலன்னா…”

“வரலன்னா கெடச்சிருச்சுன்னு அர்த்தம்” என்று அம்மா முடித்தார். அப்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

போன இரண்டு முறையும் மாமா ஆறாம் நாள் காலையில்தான் வந்திருந்தார். அதில் ஒரு கௌரவம் இருந்தது. கடைசி வரைக்கும் வைத்திருந்தார்களாமே என்று பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தைகூட மரியாதையாகத்தான் பேசினார். தோல்வியிலும் படிகள் உண்டு என்று எங்கள் பிளாக்கில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெங்களூரில் முதல் நாள் முடிந்த மறுநாள் காலையில் விழுப்புரம் பக்கமிருந்து பஸ் வரும் நேரத்தில் அம்மா வாசலில் நின்றார். மாமா வரவில்லை. அம்மா உள்ளே வந்து மாதா படத்தைப் பார்த்து சிலுவை போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் பேசியது குறைவு. ஆறாம் நாள் நெருங்க நெருங்கச் சாப்பாடும் குறைந்தது. ராத்திரி ஜெபத்தில் என்னையும் முட்டி போட வைத்து, “மாமா வரக் கூடாதுன்னு கேளுடா, சின்னப் பிள்ள கேட்டா மாதா கேப்பாங்க” என்றார். நானும் கேட்டேன். மாமா இல்லாத நாட்களில் ஓட்டமும் கிடையாது, படக்கதையும் கிடையாது. அதனால் நான் மனசாரக் கேட்டேன்.

ஆறாம் நாள் காலை பஸ் வந்தது. மாமா வரவில்லை. மத்தியான பஸ்ஸிலும் வரவில்லை. மதிய ஷிஃப்டுக்குப் போக வேண்டிய அப்பா, சாப்பாட்டுத் தூக்கைக் கையில் வைத்துக்கொண்டே ஷிஃப்ட் பஸ்ஸைக் கோட்டைவிட்டுவிட்டு, சைக்கிளில் அடித்துப் பிடித்துப் போனார். இருபது வருஷ சர்வீஸில் அவர் பஸ்ஸை விட்டது அன்றைக்கு மட்டும்தான் என்று பின்னால் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

ஏழாம் நாளும் மாமா வரவில்லை என்றதும் வீடு திருவிழாவாகிவிட்டது. அப்பா மந்தாரக்குப்பம் போய் லட்டு வாங்கி வந்தார். பிளாக் முழுக்க நான்தான் தட்டைத் தூக்கிக்கொண்டு போனேன். பக்கத்து குவார்ட்டர்ஸ் அத்தை, “ஒரு போன்கூட வரலியாடா?” என்று கேட்டார். மெடிக்கலில் இருக்கிறவர்களை வெளியே விட மாட்டார்கள் என்று அப்பா சொல்லியிருந்ததை நான் அப்படியே ஒப்பித்தேன். அப்பாவுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவராகவே சொல்லிக்கொண்டது அது.

எட்டாம் நாள் மத்தியானம் மாமா வந்தார்.

நான் வேப்பமரத்தடியில் இருந்தேன். தோளில் பையோடு தெருவில் வந்துகொண்டிருந்தவரை எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. முகம் வற்றிக் கன்னம் ஒட்டியிருந்தது. எதிர் குவார்ட்டர்ஸ்காரர் கேட் அருகே நின்று, “வாங்க ஆபீஸர் சார்” என்று சிரித்தார். மாமா அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, எங்கள் வாசலில் வந்து நின்றார்.

அம்மா ஓடி வந்தார். தம்பியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். கொதித்தது.

“இன்னாடா தம்பி ஆச்சு?”

மாமா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். குரலே வரவில்லை. தொண்டை கட்டி, காற்று மட்டும்தான் வந்தது. அப்பா உள்ளேயிருந்து லுங்கியை இறுக்கிக்கொண்டே வந்தார். அம்மாதான் மறுபடியும் கேட்டார்.

“மெடிக்கல்ல தள்ளிட்டாங்களாடா?”

மாமா அம்மாவின் முகத்தைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார்.

“எதுல மச்சான்?” என்றார் அப்பா.

மாமா தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

“டான்சிலா?”

அதற்கும் தலையாட்டல்தான். அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதார். அவ்வளவு தூரம் போய், பெயரும் வாசித்த பிறகு, உள்நாக்குக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு சதைக்கட்டிகளால் எல்லாம் போயிற்றே என்று சொல்லிச் சொல்லி அழுதார். அப்பா மாமாவின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டார். அந்த அளவு மரியாதையாக அப்பா அவரிடம் நடந்துகொண்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நடந்தது வேறு. அதை மாமா என்னிடம் சொல்ல, எனக்குக் கல்யாணமாகி, அப்பா காலமாகி, அவருக்கே தலை நரைக்க வேண்டியிருந்தது. மந்தாரக்குப்பம் டீக்கடையில், கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வேறு யாருக்கோ நடந்தது போலச் சொன்னார். அவரை முதல் நாள் மத்தியானமே அனுப்பிவிட்டார்கள். படக்கதைதான் காரணமோ, அதற்குப் பின்னால் கும்பலாக உட்கார்ந்து விவாதித்ததில் குரல் எழும்பாததோ, அவருக்கே தெரியாது. மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறியவருக்கு, மறுநாள் காலையில் அம்மா வாசலில் நிற்பது கண்ணில் வந்தது. போன இரண்டு முறையும் ஆறாம் நாள் வந்தவன், இந்தமுறை மறுநாளே எப்படிப் போய் நிற்பது? ஜெயித்ததாகப் பொய் சொல்லும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. கௌரவமாகத் தோற்றதாக மட்டும் காட்டிக்கொள்ள நினைத்தார்.

அதனால் திருவண்ணாமலையில் இறங்கிக்கொண்டார். ஆறாம் நாளுக்குக் காத்திருந்தார். பிறந்ததிலிருந்து மாதா கோயில் பூசை மறக்காத கத்தோலிக்கப் பிள்ளை, சாமியார்களோடு வரிசையில் உட்கார்ந்து அன்னதானம் சாப்பிட்டு, பஸ் ஸ்டாண்டில் படுத்துக் கிடந்தார். மழையில் நனைந்ததில் காய்ச்சல் வந்துவிட்டது. ஆறாம் நாள் எழுந்து பஸ் ஏற முடியவில்லை, ஏழாம் நாளும் முடியவில்லை. அந்த இரண்டு நாளில்தான் இங்கே லட்டு கொடுத்து முடித்திருந்தோம். போன் பண்ணியிருக்கலாமே என்று கேட்டேன். பண்ணினால் ஏதாவது சொல்ல வேண்டியிருக்குமே என்றார்.

டான்சில் என்றால் அத்தோடு முடிந்தது என்பதும் கிடையாது. அதை எடுத்துவிட்டு வா என்று நாள் கொடுப்பார்கள், மறுபரிசோதனை உண்டு. இது எங்கள் வீட்டில் மாமா ஒருவருக்குத்தான் தெரியும். அப்பா, “அப்பீலு ஒண்ணும் கெடையாதா மச்சான்?” என்று கேட்டபோது, குரல் வராததை சாக்காக வைத்துக்கொண்டு அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அப்பா எதையும் வீணாக்காத மனுஷர். மாமாவின் தோல்வியையும் அவர் வீணாக்கவில்லை. எனக்கு வருஷத்தில் இரண்டு தடவை தொண்டை வீங்கும். கம்பெனி ஆஸ்பத்திரியில் தொழிலாளி குடும்பத்துக்கு எல்லாம் இலவசம். டான்சில் எடுப்பதானால் இப்போதே எடுத்துவிடலாம், சைனிக் பள்ளித் தேர்வு ஜனவரியில், அதற்குப் பின்னால்தான் மெடிக்கல், அதற்குள் புண் ஆறிவிடும் என்று கணக்குப் போட்டார். டாக்டர் என் வாயில் டார்ச் அடித்துப் பார்த்து, பெரிதாகத்தான் இருக்கிறது, எடுக்கவும் செய்யலாம், எடுக்காமலும் இருக்கலாம், வளர வளர சுருங்கிவிடும் என்றார். அப்பா எடுத்துவிடச் சொன்னார். அரையாண்டு விடுமுறையில் தேதி கொடுத்தார்கள்.

இதை மாமா எதிர்பார்க்கவில்லை. குரல் திரும்பிய பிறகு ஒரு நாள் காலையில் ஷிஃப்டுக்குக் கிளம்பிய அப்பாவைத் தெருமுனை வரை தொடர்ந்து போனார். மாமா என் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவார். நான் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்திருந்தேன்.

“மாமா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“நீ இன்னும் அதையே நெனச்சிக்கினு கெடக்காத மச்சான்” என்றார் அப்பா. “நீ போய் அடிபட்டு வந்ததாலதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. இல்லன்னா புள்ளையும் கடைசில போய் இதே மாதிரி திரும்பி வந்திருப்பான். உன்னாலதான் இவன் தப்பிச்சான்.”

மாமா அங்கேயே நின்றுவிட்டார். சைக்கிள் ஷிஃப்ட் பஸ் நிற்கும் இடத்துக்குப் போய்ச் சேரும்வரை நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன், அவர் நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். டான்சில் எடுத்த தொண்டையோடு ஜனவரியில் நான் தேர்வு எழுதினேன். முடிவு வந்தபோது என் எண் அதில் இல்லை. எழுத்துத் தேர்விலேயே போய்விட்டதால் என் வாயைத் திறந்து பார்க்க யாருக்கும் அவசியம் ஏற்படவில்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. நைட் ஷிஃப்ட் முடித்து வந்தவர் முடிவைக் கேட்டுவிட்டு, சரி, கொஞ்ச நேரம் படுக்கிறேன் என்று போனார். சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. மாமா அதற்குப் பின் எந்தத் தேர்வும் எழுதவில்லை. காண்ட்ராக்டர் ஒருவரிடம் சூப்பர்வைசராகச் சேர்ந்து, அப்பாவைப் போலவே ஷிஃப்ட் பார்த்து ஓய்ந்துபோனார். தம்பி பாஸானவன், தொண்டைதான் சதி செய்துவிட்டது என்று அம்மா இன்றைக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் மறுப்பதில்லை. மறுத்து இனி யாருக்கு என்ன ஆகப்போகிறது?

ஆபரேஷனுக்கு முந்தைய நாள் என்னை வார்டில் சேர்த்தார்கள். அப்பா மதிய ஷிஃப்ட். அம்மா எனக்குக் கஞ்சி கொண்டு வர வீட்டுக்குப் போயிருந்தார். சாயங்கால வெயில் கட்டில் மேல் விழுந்திருந்தது. மாமா ஸ்டூலை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார். எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆபரேஷன் முடிந்ததும் ஐஸ்கிரீம் தருவார்கள், எவ்வளவு கேட்டாலும் தருவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அதற்காக இரண்டு டான்சில் என்ன, நாலு இருந்தாலும் கொடுத்திருப்பேன்.

மாமா சுற்றிலும் பார்த்துவிட்டுக் குனிந்தார்.

“டேய், அப்பா வந்ததும் வேணாம்னு அழு. பயமா இருக்குன்னு சொல்லு. நீ அழுதா உங்கப்பா விட்டுடுவாரு.”

“எனக்குப் பயமில்ல மாமா.”

“இல்லன்னாலும் அழுடா. எனக்காக.”

“எதுக்கு மாமா?”

மாமா என் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். மாமாவுக்கு இன்னும் காய்ச்சல் விடவில்லை என்று நினைத்தேன். பாவமாக இருந்தது. எனக்குத் தெரிந்த நல்ல வார்த்தையைச் சொல்லித் தேற்றினேன்.

“நீங்க கவலப்படாதீங்க மாமா. நாளைக்கே எனக்கு எடுத்துருவாங்கல்ல. அதனால என்னை மெடிக்கல்ல தள்ள மாட்டாங்க. நான் உங்கள மாதிரி திரும்பி வரவே மாட்டேன்.”

மாமா ஸ்டூலிலிருந்து எழுந்து ஜன்னல் பக்கம் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தோள் குலுங்கியது. அடுத்த கட்டில் பையனும் பார்த்துக்கொண்டிருந்ததால் எனக்குக் கூச்சமாகிவிட்டது. தனக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைக்கப்போகிறதே என்று மாமாவுக்குப் பொறாமை என்றுதான் எனக்குப் பட்டது. எனக்கு அவர் மேல் கோபம் வரவில்லை. என் ஐஸ்கிரீமில் பாதியை அவருக்குத் தருகிறேன் என்று சொன்னேன்.